ஞானமுத்து சார் போட்ட தேதி

அறுபத்தி நாலு என்று கையிலிருந்த சீட்டில் போட்டிருந்தது. சுவரில் தொங்கிய பெட்டியில் நாற்பத்தி ஒன்று சிவப்பாக எரிந்தது. நடுவில் இருபத்தி இரண்டு பேர் என்று ஆவுடையப்பன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தி ஐந்தைக் கூப்பிட்டார்கள், அடுத்தாற்போல முப்பத்தி எட்டு, கணக்கை விட்டுவிட்டான். கையில் செல்போன் இல்லை. அது அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், ரயிலில் கசங்கிய சட்டையோடு ஒரே பையில் கிடக்கிறது. உள்ளே போன் கூடாது, பை கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது, மனைவி செண்பகம் வழிக்குக் கட்டிக்கொடுத்த பொடி தடவிய இட்லியில் மிச்சமிருந்த இரண்டும் கூடாது. போன் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலின் பட்டனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. டக். டக். முன்வரிசையில் டை கட்டியிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நிறுத்தினான். எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, காலையில் லாட்ஜ் கட்டிலில் பரப்பி மூன்று தடவை பார்த்தாயிற்று. பாஸ்போர்ட். கம்ப்யூட்டரில் நிரப்பிய விண்ணப்பத்துக்கு வந்த, பார்கோடு போட்ட தாள். அதில் அவன் முகம். இரண்டு காதும் தெரியணும், கண்ணாடி கூடாது, பின்னால் வெள்ளையைத் தவிர எதுவும் கூடாது, சிரிக்கக் கூடாது. அம்பாசமுத்திரத்து ஸ்டுடியோக்காரர், சிரிக்காண்டாம் அண்ணாச்சி, ஆனா கோவப்படவும் வேண்டாம் என்றார். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தைத் தேடி நாலு தடவை எடுத்தும், கடைசியில் வந்தது வாங்கிய பைப்பைத் திருப்பிக் கொண்டுவருகிறவனைக் கடையில் உட்கார்ந்து பார்க்கிற முகம்தான். கடை லைசென்ஸும் இருக்கிறது, திரும்பி வருவதற்கு ஊரில் ஏதாவது இருப்பதைக் காட்ட வேண்டுமாம், பைப் கடை இருக்கிறது, செண்பகம் இருக்கிறாள். அப்புறம் ஆஸ்பத்திரிக் கடிதம். வடிவு சுடலைமுத்து, இதய வால்வு மாற்றும் ஆபரேஷன், பத்தொன்பதாம் தேதி, அதன்பிறகு ஆறு வாரத்துக்கு வீட்டில் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு. அக்கா போட்டதுதான். ஹூஸ்டனில் இருபத்தி நாலு வருஷமாக நர்ஸ், அடுத்தவர்களின் சீட்டிலெல்லாம் இப்படிக் கோடு போட்டே பழகிய கை. தனியாக இருக்கிறாள். வா என்று அவள் சொல்லவில்லை, கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஒன்னால முடியுமால என்று மட்டும் கேட்டாள். நாற்பத்தி எட்டு வருஷத்தில் அவள் அவனிடம் கேட்ட ஒரே காரியம். நாற்பத்தி எட்டா, நாற்பத்தி ஏழா. அங்கேதான் இடிக்கிறது. அவள் அனுப்பிய பாஸ்போர்ட் நகலில் பிறந்த தேதி 10 ஜனவரி 1977. அவன் பாஸ்போர்ட்டில் 5 மே 1977. ஒரே அப்பா, ஒரே அம்மா, நடுவில் நாலு மாசம், அதிலும் ஐந்து நாள் குறைவு. டக்.

முதலில் அதைக் கண்டுபிடித்தவன் வண்ணாரப்பேட்டையில் டிராவல்ஸ் நடத்தும் ரோசாரியோ. விண்ணப்பத்தையும் அவன்தான் நிரப்பினான். கேள்வியை இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்வான், ஆவுடையப்பன் பதில் சொல்வான். தீவிரவாத இயக்கம் எதுலயும் இருந்திருக்கியளா அண்ணாச்சி. இல்லை. இனப்படுகொலை ஏதாவது. இல்லை. ஆளைக் கடத்தி வித்திருக்கியளா. இல்லைப்பா. கூண்டில் ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. இல்லை இல்லை என்று போன வேகத்தில், அமெரிக்காவில் ரத்த சம்பந்தமா யாரும் இருக்காங்களா என்று வந்ததற்கும் இல்லை என்று சொல்லிவிட்டான், உடனே பதறிப்போய் ரோசாரியோவின் கையைப் பிடித்து, ஏ இருக்கா, எங்க அக்கா இருக்கா, அதைப் போடு என்றான். போட்டான். அனுப்பியும் ஆயிற்று, நாளும் குறித்தாயிற்று. அதற்கப்புறம்தான் அக்காவின் தாள்கள் வந்தன, ரோசாரியோ இரண்டு நகலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஃபேன் காற்றில் தாள்கள் படபடத்தன, ஒன்றின் மேல் பேப்பர்வெயிட்டை வைத்தான், மற்றதன் மேல் கையை வைத்தான். “தப்பா எடுத்துக்கிடாதிய அண்ணாச்சி. அம்மா ஒண்ணுதானா?” என்றான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி போட்ட விஷயத்தை ஆவுடையப்பன் சொன்னான். ரோசாரியோ கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். வாஸ்தவம்தான், எங்க அப்பாவுக்கும் அப்பிடித்தான் ஒரு வாத்தியார் போட்டாரு, நம்ம ஊர்ல இது எல்லா வீட்லயும் உண்டு, ஆனா அங்க கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறவனுக்கு இது எப்படி விளங்கும், கவர்மென்ட் தாள்ல இருக்கது பொய்த் தேதின்னு நீங்களே வாயால சொன்ன மாதிரி ஆயிரும், மத்த தாளையும் நம்ப மாட்டான் என்றான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். கேட்டாத்தான் சொல்லணும், கேக்காட்டா வேண்டாம், அப்பாவுக்கு ரெண்டு தாரம்னு சொல்லிருங்க. ஒரே வருசத்துல ரெண்டு வீட்லயும் பிள்ளை. தேதியும் சரியா வருது, அக்காங்கிறதும் சரியா வருது, வெள்ளைக்காரனுக்கும் சட்டுனு பிடிபடும். விசிட்டிங் கார்டின் பின்னால் அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் எழுதியும் கொடுத்தான். மை ஃபாதர் ஹேட் டூ வைவ்ஸ், சார். ரயிலில் மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு ஆவுடையப்பன் அதை மனப்பாடம் செய்தான். விழுப்புரம் தாண்டும்போது நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராகப் பதினேழு வருஷம் இருந்தவனுக்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பெரிய பாரமில்லை. அரபிக்காரன், பிலிப்பைன்காரன், மலையாளி எல்லாரிடமும் இல்லாத வால்வை நாளைக்கு வரும் என்று இங்கிலீஷில் சொன்ன வாய்தானே. வால்வு. அக்காவுக்கும் வால்வுதான். இவன் கடையில் அரை இஞ்சிலிருந்து நாலு இஞ்சு வரை தொங்குகிறது. அக்காவிடம் போனில் ரோசாரியோ சொன்னதைச் சொன்னபோது மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள், சிரிக்காதக்கா, டாக்டர் திட்டுவாரு என்றதும் இன்னும் சிரித்தாள். “சொல்லுல. பாவம், அப்பாவுக்கு இப்பவாவது ஒரு சந்தோசம் கெடைக்கட்டும்.”

அப்பாவுக்கா. விக்கிரமசிங்கபுரத்தில் மில் லைன்வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி, மில் சங்கு ஊதினால் அப்பா எழுந்திருப்பார், மறுபடி ஊதினால் தலைமுடியெல்லாம் பஞ்சோடு திரும்பி வருவார். அம்மாவிடம் பேசும்போதுகூட சுவரில் காலண்டரைப் பார்த்துத்தான் பேசுவார், தெருவில் போனால் பத்தடி முன்னால் போவார், அம்மா பின்தங்கினால் நிற்கமாட்டார், ஏதாவது ஒரு கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி நின்றுகொள்வார். அந்த மனுசனுக்கு இரண்டாவது வீடு. எங்கே வைத்திருப்பார், எந்த ஷிஃப்ட் முடிந்து போயிருப்பார். ஆவுடையப்பனுக்கு உதட்டில் சிரிப்பு வந்தது, போட்டோவில் கூடாத சிரிப்பு, ஃபைலைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மதுரைக்கு வடக்கே போகாத அப்பாவை மஸ்கட்டில் எல்லாருக்கும் தெரியும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைத்தானே போடவேண்டியிருந்தது, அதனால் பதினேழு வருஷமும் அவன் மிஸ்டர் சுடலைமுத்து. ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ் சுடலைமுத்து. பஞ்சுத் தலையோடு அப்பா இரண்டு தேசத்தில் டியூட்டி பார்த்திருக்கிறார். சரி, ரெண்டு தாரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கேள்வி வருமே, இந்த அம்மா யாருக்கு அம்மா. அக்காவுக்கா, எனக்கா. லாட்ஜில் பல் தேய்க்கும்போது வந்த கேள்வி, வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டான். ஒரு ஆளை அந்தப் பக்கம் தள்ளித்தான் ஆகவேண்டும். அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள், இலை நறுக்கும் கத்தரி கிரீச் கிரீச் என்கிறது, புகையிலைத் தூளுக்கு அவள் தும்மும்போதெல்லாம் வடிவு எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள், அந்த வடிவை எழுந்திரு, இது உன் வீடு இல்லை என்று சொல்வதா. இல்லை, நானே எழுந்து போவதா. போனால் எங்கே போவது. இரண்டாவது வீட்டுக்கு ஒரு முகம் வேண்டுமே, பெயர் வேண்டுமே, அந்தப் பொம்பிளைக்கு என்ன பெயர் வைப்பது. பெட்டியில் நாற்பத்தி ஒன்பது.

இந்த நம்பரை எல்லாம் நம்பாதீக தம்பி, வரிசையாவே கூப்பிட மாட்டாக என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னாள். காரைக்குடி ஆச்சி. மகளின் பிரசவத்துக்குப் போக வந்திருக்கிறாள், விசா கேட்பது இது மூன்றாவது தடவை, முதல் தடவை கேட்ட பிரசவத்தில் பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். அவள் சீட்டு ஐம்பத்தி எட்டு. தோடு மினுங்கத் திரும்பி எல்லாக் கவுண்டரையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் முகம் எப்படி ஆகிறது என்பதை அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அஞ்சாம் நம்பர் பரவாயில்லை, சின்னப் பையன், செம்பட்டைத் தாடி. ஏழாம் நம்பர் வேண்டவே வேண்டாம். வாயைப் பாக்காதீக, கையைப் பாருங்க. அவுக பாட்டுக்குச் சிரிச்சுப் பேசுவாக, பாஸ்போர்ட்டத் திருப்பிக் கையில குடுத்தாகன்னா இல்லைன்னு அர்த்தம், வச்சுக்கிட்டாகன்னா உண்டு, அதுல விசா ஒட்டி அப்புறமா அனுப்புவாக. ஆவுடையப்பன் ஃபைலைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தான். பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டா. மஸ்கட்டில் இறங்கிய அன்றைக்கே கம்பெனியில் விசா வேலை பார்க்கிற பி.ஆர்.ஓ. கையை நீட்டினார், கொடுத்தான், இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார், அதற்கப்புறம் அதைப் பார்க்க வேண்டுமென்றால்கூட ஒரு ஃபாரம். அம்மா கிடையில் கிடந்தபோது ஃபாரம் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருந்தான், கையெழுத்துப் போட வேண்டியவர் சலாலா நகரத்துக்குப் போயிருந்தார். அலமாரி அவன் கண்ணெதிரில் இருந்தது, சாம்பல் பெயின்ட், வலது கதவில் ஒரு நெளிவு. அக்கா ஹூஸ்டனிலிருந்து அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டாள். தம்பி வந்துக்கிட்டு இருக்கான், தம்பி வந்துக்கிட்டு இருக்கான் என்று அம்மா காதில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவன் வாசலில் கால் வைத்தபோது அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.  குளிச்சுட்டு வால, தோசை ஊத்துதேன் என்றாள் அக்கா. இந்தத் தடவையும் அலமாரி குறுக்கே வந்துவிடக் கூடாது. பத்தொன்பதாம் தேதி அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வெளியே நாற்காலியில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவள் கண்ணைத் திறந்தால் தெரிகிற இடத்தில். அதற்கு ஒரு வாக்கியம்தான் விலை என்றால், மை ஃபாதர் ஹேட். அப்பாவும் கோவிச்சுக்கிட மாட்டார். காலண்டரைப் பார்த்துக்கொண்டு, சரி சொல்லிக்கோ என்பார். சொல்வாரா.

இதற்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில்தான் உள்ளே போவதற்கு இப்படி நின்றிருக்கிறான். அப்போதும் அக்கா சம்பந்தப்பட்டுத்தான். நின்றதாக ஞாபகமில்லை, அம்மாவும் அக்காவும் சொல்லிச் சொல்லி ஞாபகம் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முந்தின வருஷமே வடிவைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார்கள். முதல் மணி அடிப்பதற்குள் வீட்டில் இவன் அழுத அழுகையில் அம்மாவால் ஒரு பீடி சுற்ற முடியவில்லை, ஓடிப்போய் வகுப்பிலிருந்து அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் வடிவுக்கு வேலை இவன்தான். இடுப்பில் தூக்கி வைத்து வைத்து அவள் இடது பக்கமாகவே சாய்ந்து நடப்பாள், இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறாள், போன தடவை ஏர்போர்ட் கண்ணாடிக்குள் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பார்த்தான். அடுத்த ஜூனில் இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கு ஆறரை, இவனுக்கு நாலரை. கேட்டிலேயே அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டவன் தலைமையாசிரியர் ஞானமுத்து சாரின் மேஜை வரைக்கும் விடவில்லை. அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணுமே என்றார் சார். முடிஞ்சிருச்சு என்றாள் அம்மா. காதைத் தொடு என்றார். அந்தக் காலத்தில் அதுதான் விசா. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், எட்டினால் அஞ்சு வயசு, எட்டாவிட்டால் அடுத்த வருஷம். இவன் தொட்டான், விரல் நெற்றிப்பொட்டோடு நின்றது. வடிவு சாரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு இவன் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து, இன்னொரு கையால் காதை மேலே இழுத்து விரலில் முட்டவைத்தாள். எட்டிட்டு சார் என்றாள். ஞானமுத்து சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்து, இவனுக்கு அஞ்சு முடிந்திருக்கும்படியாக ஐந்தாம் மாசம் ஐந்தாம் தேதி என்று ஒன்றைப் போட்டார். அம்மா அதோடு விட்டிருக்கலாம். பொம்பளைப் பிள்ளைக்கு வயசைக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க சார், நாளைக்குக் கட்டிக்குடுக்கணும்லா என்றாள். சார் குறைத்துப் போட்டார். ஒரு வரியில் இவன், அதற்கு அடுத்த வரியில் அவள், இரண்டுக்கும் தனித்தனியாக மை ஒற்றினார், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை அவருக்கு, அப்பாவுக்கும் தோன்றவில்லை, அவர் சுவரில் மாட்டியிருந்த இந்தியா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் என்ன கூத்து என்றால் வடிவு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. குறைத்த வயசு வீணாப் போச்சேடி என்று அம்மா கடைசிவரை சொல்வாள், ரிட்டையர்மென்ட்டுக்கு உதவும்மா என்பாள் அவள். பத்தாவது வரைக்கும் ஒரே வகுப்பு, ரெட்டைப் பிள்ளையா என்று கேட்காதவர் கிடையாது, அவள் முதல் ரேங்க், இவன் அவள் பென்சிலை வாங்கிக் கடித்துக்கொண்டு கடைசிப் பெஞ்சு. ஜனவரி பத்தாம் தேதி ஹூஸ்டனில் அவளுக்குக் கேக் வெட்டுவார்கள், வெட்டி முடித்ததும் இவனைக் கூப்பிட்டு, இன்னைக்கு ஞானமுத்து சார் எனக்குப் போட்ட பிறந்தநாளுல என்பாள். மே ஐந்து அன்றைக்கு மஸ்கட்டுக்குக் கூப்பிடுவாள், இன்னைக்கு ஒனக்குப் போட்டது. நிஜத்தில் அவள் பிறந்தது எழுபத்தஞ்சாம் வருஷத்துத் தீபாவளி போனஸ் வாங்கின மூன்றாம் நாள், அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். இவனுக்குத்தான் அப்படி ஒன்றுமில்லை. அடைமழை, கார்த்திகையோ மார்கழியோ, ஆற்றில் தண்ணீர் வந்து ஆஸ்பத்திரி நர்ஸம்மாவால் பாலத்தைத் தாண்டி வர முடியவில்லை, பக்கத்து லைன் பெண்களே பார்த்தார்கள், மழையில் தேதியை யார் பார்த்தார்கள்.

ஐம்பத்தி எட்டு என்று வந்ததும் ஆச்சி எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், ஏழாம் நம்பர் என்று பெட்டியில் வந்தது, அவனைப் பார்த்து ஒரு தடவை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். அவன் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண்ணாடிக்கு அடியிலிருந்த வாய் வழியாக நீலச் சிறு புத்தகம் வெளியே வந்தது. ஆச்சி அதை எடுத்துப் பைக்குள் வைக்க நினைத்து, பை கிடையாதே என்று ஞாபகம் வந்தவளாக மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவனைக் கடந்து போகும்போது நின்று, “போயிட்டு வாரேன் தம்பி. பொறக்கப்போற பிள்ளைக்குக் காது குத்துறப்ப இங்கேயே வந்து நிக்கிறேன்” என்றாள். தோடு அதேபோல மினுங்கியது. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தான், அதற்குள் பெட்டியில் அறுபத்தி நாலு, ஐந்தாம் நம்பர், எழுந்த எழுகையில் அப்படியே போய் நின்றான். மை ஃபாதர். செம்பட்டைத் தாடி. கழுத்துப்பட்டையில் ஒரு அட்டை தொங்கியது. இருபத்தெட்டு வயசு இருக்குமா. பாஸ்போர்ட்டையும் தாளையும் அக்காவின் பாஸ்போர்ட் நகலையும் உள்ளே தள்ளினான், ரேகைக்கு இடதுகை நாலு விரல், வலதுகை நாலு விரல், கட்டைவிரல் இரண்டும், பச்சை வெளிச்சத்தில் கை கைபோலவே இல்லை. ஹேட் டூ வைவ்ஸ், சார். தயாராக நின்றான். தாடிக்காரன் திரையிலிருந்து கண்ணை எடுத்து, ஒலிபெருக்கியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைக்கிற மாதிரி, “வணக்கம். ஹூஸ்டனில் இருப்பது உங்கள் அக்காவா, தங்கையா?” என்றான்.

தமிழ். பாடப்புத்தகத்திலிருந்து நேராக எழுந்து வந்த தமிழ், ஆனாலும் தமிழ்.  பொய்யை ஆவுடையப்பன் இங்கிலீஷில் மட்டும்தான் மனப்பாடம் செய்திருந்தான். தமிழில் கைவசம் எதுவும் இல்லை, தமிழில் திரும்பிப் பார்த்தால் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள், வடிவு தண்ணீர் கொண்டு வருகிறாள், இரண்டாவது வீடு எங்கேயும் இல்லை. அக்கா சார் என்றான். உங்களைவிட எத்தனை வயது பெரியவர். ரெண்டு வயசு சார். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தாடிக்காரன் திரையைப் பார்த்தான், நகலைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். “நான்கு மாதங்கள்” என்றான், கோபமாக இல்லை, சந்தேகமாகக்கூட இல்லை, எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறவனாக. ஆவுடையப்பனுக்கு அலமாரியின் நெளிந்த கதவு தெரிந்தது. ரோசாரியோ தலையில் கை வைப்பது தெரிந்தது. ஆனால் வாய் திறந்துகொண்டுவிட்டது. அது எங்க ஹெட்மாஸ்டர் போட்ட தேதி சார், ரெண்டுமே அவர் போட்டது, என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. அம்மா பீடி சுற்றினது, ஒரு வருஷம் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பாதது, தான் பாவாடையைப் பிடித்தது, எல்லாவற்றையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னான், பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும். காதைத் தொடுவது என்றால் என்ன என்று தாடிக்காரனுக்கு விளங்கவில்லை, நெற்றியைச் சுருக்கினான். ஆவுடையப்பன் ஃபைலைக் கவுண்டரில் வைத்துவிட்டு வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினான். இப்படி சார். எனக்கு எட்டல, அவதான் இழுத்து எட்ட வச்சா.  கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பையன் தன் கையையும் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கக் காதைத் தொட்டுப் பார்த்தான். எட்டியது. பக்கத்துக் கவுண்டரிலிருந்த பெண் திரும்பி அவனைப் பார்த்தாள், அவன் கையை இறக்கிக்கொண்டான்.

அப்படியானால் நீங்கள் உண்மையில் பிறந்த நாள் எது என்று கேட்டான்.  இதை யாரும் கேட்டதில்லை, பாஸ்போர்ட் ஆபீஸில் கேட்கவில்லை, கம்பெனியில் கேட்கவில்லை, செண்பகம் கேட்டதற்கு ஏதோ ஒரு மழை நாள் என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். மழை என்று இங்கே சொல்ல முடியுமா. “எனக்குத் தெரியாது சார். எங்க அக்காவுக்குத்தான் தெரியும். அப்ப அங்க இருந்தவங்கள்ல இப்ப அவ ஒருத்திதான் இருக்கா” என்றான்.  தாடிக்காரன் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கேட்டு வாங்கினான், படித்தான், ஆறு வாரத்துக்குக் கீழே இருந்த கோட்டில் அவன் விரல் ஒரு கணம் நின்றது. ஆறு வாரம் முடிந்ததும் என்றான். ஊருக்கு வந்துருவேன் சார், கடையில செண்பகம் ஒத்தையில நிக்கா, எல்போ பைப்புக்கும் டீ பைப்புக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்றான். இது புரிந்திருக்காது, இருந்தாலும் தாடிக்காரன் தலையாட்டினான். பிறகு ரொம்ப நேரம் கம்ப்யூட்டரில் தட்டினான். இவ்வளவு எழுத என்ன இருக்கிறது, ஞானமுத்து சார் இரண்டு வரியில் முடித்துவிட்டாரே. கடைசியில் கண்ணாடிக்கு அடியில் கடிதத்தையும் நகலையும் பார்கோடு போட்ட தாளையும் தள்ளி, “உங்கள் அக்கா விரைவில் நலம் பெறட்டும்” என்றான். நன்றி சார் என்று வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். கதவு வரைக்கும் வந்த பிறகு, பழக்கதோஷம், ஃபைலைத் திறந்து பார்த்தான். கடை லைசென்ஸ், ஆஸ்பத்திரிக் கடிதம், அக்காவின் நகல், தாள். மறுபடி பார்த்தான். பாஸ்போர்ட் இல்லை. பதினேழு வருஷப் பயம் ஒன்றாகக் கிளம்பி வந்தது, திரும்பி ஓடி அதைக் கேட்க இரண்டு எட்டு வைத்தே விட்டான். வாயைப் பாக்காதீக, கையைப் பாருங்க. ஆச்சியின் குரல். தன் கையைப் பார்த்தான். ஃபைலைத் தவிர காலியாக இருந்தது. அப்படியே நின்றான். வாட்ச்மேன் வந்து, சார், வழியில நிக்காதீங்க என்ற பிறகுதான் நகர்ந்தான்.

வெளியே வெயிலில் கண் கூசியது. ஜெராக்ஸ் கடையில் பையை வாங்கிப் போனை எடுத்து, செண்பகத்துக்குக் கிடைச்சிட்டு என்று ஒரு வரி எழுதிவிட்டு, பஸ் ஸ்டாப் நிழலில் ஒதுங்கி அக்காவைக் கூப்பிட்டான். அங்கே படுக்கிற நேரம். ஆனாலும் முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். என்னல என்றாள், அவ்வளவுதான், அதற்கு மேல் மூச்சுச் சத்தம். பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டான்க்கா என்றான்.  ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. பிறகு, அப்ப அப்பாவுக்கு ரெண்டாவது கல்யாணம் முடிஞ்சிட்டா என்று கேட்டாள். இல்லக்கா, அது நடக்கல என்று நடந்ததைச் சொன்னான், தாடிக்காரன் காதைத் தொட்டதைச் சொன்னான், அவள் சிரித்து மூச்சு வாங்கக் காத்திருந்துவிட்டு, எப்பப் பொறந்தேன்னு கேட்டான், எங்க அக்காவுக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டேன் என்றான்.

“எனக்கு எப்பிடில தெரியும்? எனக்கே ரெண்டு வயசு.”

“ஒண்ணுமே ஞாபகமில்லையா?”

ரெண்டு வயசுல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டான். அவள் யோசிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும், பரீட்சையில் அவள் பென்சிலை அவனிடம் கொடுத்துவிட்டு வெறும் விரலால் பெஞ்சில் தட்டுகிற சத்தம்.

“நல்ல மழை. அம்மா சத்தம் போட்டா. யாரோ என்னைய மூலையில உக்காத்தி வச்சு, கையில ஒரு கருப்பட்டித் துண்டக் குடுத்தாவ. நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருந்தேன்” என்றாள். “தின்னு முடிச்சுப் பாத்தா நீ இருந்த.”